ஜப்பானிய ஆர்பிஜியும் மேற்கத்திய ஆர்பிஜியும்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பெர்சோனா 5, விட்சர் 3 இரண்டையும் அடுத்தடுத்து ஆடி முடித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது. இரண்டு வீடியோ கேம்களையுமே ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ஆட்டம்) என்கிறார்கள். ஆனால் பெர்சோனாவில், சாயங்காலம் வெளியே போகலாம் என்று பார்த்தால் ஒரு பூனை "களைப்பாக இருப்பாய், போய்த் தூங்கு" என்று படுக்கைக்கு அனுப்பிவிடுகிறது. விட்சரில், வளர்ப்பு மகளைத் தேடிக் கிளம்பியவன் நாள்கணக்கில் சத்திரங்களில் சீட்டாடிக்கொண்டிருந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. இதுதான் ஜப்பானிய பாணிக்கும் மேற்கத்திய பாணிக்கும் உள்ள வித்தியாசமா? அப்படியானால் ஜப்பானில் செய்த எல்டன் ரிங்கைப் பெரும்பாலோர் ஏன் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை? புதிதாக வருகிற நண்பருக்கு எதைச் சிபாரிசு செய்வது?

கேட்ட கேள்வி மூன்று. ஆனால் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஓர் ஆட்டத்தில் ஆடுகிறவருக்கு எவ்வளவு இடம், எழுதினவருக்கு எவ்வளவு இடம், அந்த எல்லைக்கோட்டை ஜப்பானியர்கள் ஓரிடத்திலும் மற்றவர்கள் வேறிடத்திலும் போட்டது எப்படி என்பதுதான் அது.

நான் 15 வருடங்களாகச் சின்ன கேம் ஸ்டுடியோக்களில் கதையும் டயலாக்கும் எழுதுகிறேன். ஆடுகிறவர் எந்த பதிலைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று கட்டம் கட்டமாக எழுதி அடுக்குவதுதான் என் தினசரி வேலை. ஆகவே இந்த எல்லைக்கோடு எனக்குப் பழகிய விஷயம். அதே நேரம், எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அந்த ஆட்டங்களையெல்லாம் மொழிபெயர்ப்பில் ஆடியவன்தான். ஜப்பானிய ஸ்டுடியோ எதிலும் வேலை பார்த்ததும் இல்லை. நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களை ஓரமாக வைத்துவிடலாம். பெரிய கண்கள், கூர்முடி, அனிமே முகம் என்பது ஒன்று. அது வரைகிற பாணி, அதோடு சரி. ஆளுக்கு ஒரு முறை என்று மாறி மாறி அடித்துக்கொள்ளும் சண்டை ஜப்பானுடையது என்பது இன்னொன்று. அந்தச் சண்டை முறையை ஜப்பான் கற்றுக்கொண்டதே அமெரிக்காவில் 1981-ல் வந்த விசார்ட்ரியிடமிருந்துதான். 2023-ல் எல்லோரும் பேசிய பால்டர்ஸ் கேட் 3 பெல்ஜியத்தில் உருவானது, அதிலும் முறை வைத்துத்தான் சண்டை. 2025-ல் வந்த கிளேர் ஆப்ஸ்க்யூரைப் பார்த்தவர்கள் ஜப்பானிய ஆட்டம் என்றே நினைப்பார்கள், அதைச் செய்தது பிரான்ஸில் மோன்ட்பெல்லியே நகரத்தில் இருக்கும் ஒரு குழு. இதெல்லாம் சட்டையின் நிறம் மாதிரி. ஆளை அடையாளம் காண உதவும், ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது.

வேர் 1974-ல் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அந்த வருடம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர், கையில் பகடை, பென்சில், காகிதம். ஒருவர் மட்டும் ஆட்டத்தை நடத்துவார். அந்த ஒருவருக்கு இரண்டு வேலை. ஒன்று, கதை சொல்ல வேண்டும்: "கதவு திறக்கிறது, உள்ளே இருட்டு, எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்." இன்னொன்று, தீர்ப்புச் சொல்ல வேண்டும். "நான் கதவைத் திறக்கவில்லை, கூரை மேல் ஏறி ஓட்டைப் பிரித்து இறங்குகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது நடக்குமா நடக்காதா என்று பகடையை உருட்டிப் பார்த்து முடிவு சொல்வதும் அவர்தான். கதைசொல்லியும் நடுவரும் ஒரே ஆள்.

இந்த ஆளின் நாற்காலியில் கம்ப்யூட்டரை உட்கார வைக்கத்தான் எல்லோரும் முயன்றார்கள். இரண்டு வேலையையும் அதனால் செய்ய முடியவில்லை, இன்றைக்கும் முழுதாக முடியவில்லை. ஒன்றை நன்றாகச் செய்ய இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மேற்கே பெரும்பாலோர் நடுவரைக் காப்பாற்றினார்கள். ஜப்பானில் பெரும்பாலோர் கதைசொல்லியைக் காப்பாற்றினார்கள். என் பதிலின் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அது எப்படி நடந்தது என்பதும், எங்கெங்கே இந்தக் கணக்கு உதைக்கிறது என்பதும்.

1981-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆட்டங்கள் வந்தன. ரிச்சர்ட் காரியட்டின் அல்டிமா ஒன்று, ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் எழுதிய விசார்ட்ரி இன்னொன்று. இரண்டையும் கீபோர்டு வைத்துத்தான் ஆட வேண்டும். கீபோர்டில் ஐம்பது அறுபது பட்டன்கள் இருக்கின்றன இல்லையா? அல்டிமா தொடரில் கிட்டத்தட்ட எல்லா எழுத்துக்கும் ஒரு செயல் உண்டு. ஏறுவதற்கு ஓர் எழுத்து, தேடுவதற்கு ஓர் எழுத்து, கப்பலில் குதிப்பதற்கு ஓர் எழுத்து. பின்னால் வந்த பாகங்களில் ஊர்க்காரரிடம் பேசும்போது கேட்க விரும்பும் சொல்லை நீங்களே டைப் செய்ய வேண்டும். பெயர் என்ன என்று கேட்கலாம், தொழில் கேட்கலாம், அவர் வாய்தவறி உதிர்த்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பியும் கேட்கலாம். இயந்திரமே "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிற மாதிரி அமைந்துவிட்டது.

ஜப்பானுக்கு இது போய்ச் சேர்ந்த விதம் வேறு. நெதர்லாந்தில் பிறந்த ஹென்க் ராஜர்ஸ் என்பவர் 1984-ல் தி பிளாக் ஆனிக்ஸ் என்ற ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்டார். அந்த வகை ஆட்டமே அங்கே பலருக்குப் புதிது. பத்திரிகை அலுவலகங்களுக்கு நேரில் போய், ஆசிரியர்களுக்கு எப்படி ஆடுவது என்று உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது அவருக்கு. அதே சமயம் அல்டிமாவையும் விசார்ட்ரியையும் விழுந்து விழுந்து ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் யூஜி ஹோரி. வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தவர், 1983-லேயே துப்பறியும் கதை ஆட்டம் ஒன்றைச் செய்தவர். இவர் யோசித்தது, இந்த இன்பத்தை ஃபாமிகாம் வைத்திருக்கும் சிறுவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று. ஃபாமிகாம் என்பது வீட்டு டிவியில் செருகி ஆடும் நிண்டெண்டோ பெட்டி. அதன் கன்ட்ரோலரில் திசைக்கு ஒரு பட்டன், அதைத் தவிர நான்கே பட்டன்கள். 1986 மே மாதம் அவருடைய டிராகன் குவெஸ்ட் வந்தது. படம் அகிரா தோரியாமா, இசை கோய்ச்சி சுகியாமா. மொத்த ஆட்டமும் 64 கிலோபைட். இன்றைக்கு போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

அந்த ஆட்டத்தின் முதல் அறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ராஜாவின் முன்னால் நிற்கிறீர்கள். அவர் பேசி முடிக்கிறார். அறையைவிட்டு வெளியே போகலாம் என்றால் கதவு பூட்டியிருக்கிறது. சுற்றிப் பார்த்தால் மூன்று பெட்டிகள். மெனுவைத் திறந்து "எடு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றில் பணம், ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. கதவருகே போய் "கதவு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் திறக்கிறது. அப்புறம் படிக்கட்டில் நின்று "படி" என்று சொன்னால்தான் கீழே இறங்க முடியும். அவ்வளவுதான், அறை முடிந்தது. பேசுவது, எடுப்பது, திறப்பது, இறங்குவது என்று ஆட்டம் முழுவதற்கும் வேண்டியதை ஒரு பையன் கையேட்டைப் புரட்டாமலே கற்றுக்கொண்டுவிட்டான். என் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த அறையைத்தான். கவனியுங்கள், அந்த அறையில் ஆடுகிறவருக்குச் சுதந்திரம் எதுவும் இல்லை. ஒரே வழிதான். ஆனால் ஒவ்வொரு அடியையும் தானே கண்டுபிடித்ததாகத் தோன்றும். ஜப்பானிய ஆர்பிஜியின் கைவண்ணம் முழுவதும் அந்த அறையில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 1986-லிருந்து ஜப்பானியக் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றில், சிலர் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியதை அப்படியே உரையாடலாக எழுதித் தொடராகப் போட்டார்கள். ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார் என்று பின்னால் நாவலாகவும் அனிமேயாகவும் வளர்ந்தது அதுதான். மேசையில் உட்கார்ந்து ஆடுவதற்கு முன்பே, இன்னொரு குழு ஆடி முடித்ததைக் கதையாகப் படித்து இந்த உலகத்துக்குள் வந்த வாசகர்கள் அங்கே ஏராளம். இப்படி வந்தவருக்கு ஆர்பிஜி என்றால் முதலில் நினைவுக்கு வருவது நான்கு பேர் சேர்ந்து போன ஒரு பயணத்தின் கதை. பகடையும் விதிகளும் அதற்கு அப்புறம்தான்.

சரி, நடுவரைக் காப்பாற்றியவர்கள் என்ன செய்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1985-ல் வந்த அல்டிமா 4. அதில் கொன்று முடிக்க ஒரு பெரிய வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம் என்று எட்டு நற்குணங்களில் நீங்கள் முழுமை பெற வேண்டும், அதுதான் ஆட்டம். மந்திரம் போட மூலிகை வேண்டும். மூலிகை விற்கிறவருக்குக் கண் தெரியாது. எத்தனை வேண்டும் என்று கேட்பார், விலையைச் சொல்வார், பிறகு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நீங்களே எண்ணைத் தட்ட வேண்டும். குறைத்துத் தட்டலாம். அவர் வாங்கிக்கொள்வார். திரையில் எச்சரிக்கை வராது, மணி அடிக்காது. ஆனால் உள்ளே உங்கள் நேர்மைக் கணக்கு இறங்கிவிட்டது. எத்தனையோ மணி நேரம் கழித்து, அரண்மனையில் இருக்கும் ஞானி ஒருவரிடம் நேர்மையைப் பற்றிக் கேட்கும்போதுதான் தெரியும், நீங்கள் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறீர்கள் என்று. முதல் தடவை ஆடியபோது நானும் அவரை ஏமாற்றினேன். ஆட்டம் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு எனக்கு அங்கேதான் முதலில் வந்தது.

1997-ல் வந்த ஃபால்அவுட் இதை இன்னும் நீட்டித்தது. ஆரம்பத்தில் உங்கள் ஆளுக்கு வலிமை, புத்தி, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்களுக்கு மதிப்பெண் பிரித்துக் கொடுப்பீர்கள். புத்திக்கு 3 அல்லது அதற்கும் கீழே கொடுத்தால் உங்கள் ஆளுக்கு ஒழுங்காகப் பேசவே வராது. நீங்கள் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வசனங்களே முனகலும் உளறலுமாக மாறிவிடும், ஊர்க்காரர்களும் அதற்குத் தகுந்த மாதிரிதான் உங்களை நடத்துவார்கள். மாறாக, பேச்சுத் திறமையை வளர்த்து, சரியான ஆதாரத்தையும் தேடி எடுத்துக்கொண்டு போனால், கடைசி எதிரியிடம் அவன் திட்டத்தில் இருக்கும் ஓட்டையை எடுத்துச் சொல்லியே அவனை வீழ்த்திவிடலாம். துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. மேற்கத்திய ஆர்பிஜியில் உங்கள் ஆளின் எண்கள் சண்டைக்கு வெளியேயும் வேலை செய்கின்றன. பூட்டுத் திறக்க, பொய் சொல்ல, திருட, பேரம் பேச எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. ஜப்பானிய ஆட்டங்களில் பெரும்பாலும் அந்த எண்கள் சண்டைத் திரைக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கும். சண்டை முடிந்து கதைக்காட்சி வந்துவிட்டால் நீங்கள் 10-ஆம் லெவலா 90-ஆம் லெவலா என்று கதைக்குத் தெரியாது. நீங்கள் ஆடிய பெர்சோனா 5-ல் அறிவு, துணிச்சல், வசீகரம் எல்லாம் வளர்த்தால்தான் சில நட்புகள் திறக்கும் இல்லையா, அது இந்த வழக்கத்துக்கு ஓர் அழகான விதிவிலக்கு. ஓர் ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சட்டென்று தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இந்த எண்கள் வாயைத் திறந்து பேசும்போது வேலை செய்கின்றனவா?

நடுவரைக் காப்பாற்றுவது மலிவான காரியமும் இல்லை. இரண்டிரண்டு பதில்கள் உள்ள கேள்வி பத்து வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிளையாக எழுதினால் 1,024 கதைகள் எழுத வேண்டும். யாராலும் முடியாது. ஆகவே கிளையைப் பிரித்து, கொஞ்ச தூரம் ஓடவிட்டு, மறுபடி ஒரே இடத்தில் கொண்டுவந்து முடிந்துவிடுவோம். நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு சின்னக் குறிப்பாக ஆட்டம் நினைவில் வைத்திருக்கும், பின்னால் ஒருவர் அதைச் சொல்லிக் காட்டுவார். நான் எழுதிய ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு கைதியை விடுவிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்காக இரண்டு மாதம் எழுதினேன். ஆடியவர்களில் பெரும்பாலோர் விடுவித்துவிட்டார்கள். மறுபாதியில் எழுதினதை மிகச் சிலரே பார்த்தார்கள். மேற்கத்திய ஆர்பிஜி என்றாலே இப்படி யாரும் பார்க்காமல் போகும் உழைப்பு நிறையச் சேர்ந்ததுதான்.

இப்போது கதைசொல்லியின் பக்கம். இந்தப் பத்தியிலும் அடுத்த பத்தியிலும் பழைய ஆட்டங்களின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லப் போகிறேன், தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போய்விடுங்கள். 1997-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7-ல், உங்கள் குழுவில் கூடவே வந்த ஏரித் முதல் சிடி முடிவதற்குள் கொல்லப்படுகிறாள். அதுவரை சண்டையில் அவள் எத்தனை தடவை விழுந்திருப்பாள்! ஃபீனிக்ஸ் டவுன் என்ற ஒரு பொருளைப் பயன்படுத்தி எழுப்பியிருப்பீர்கள். அந்தக் காட்சியில் அதே பொருள் பையில் கட்டுக்கட்டாக இருந்தாலும் பயன்படாது. அவள் தலைமுடியில் இருந்த மணி படிப்படியாகக் குதித்து உருண்டு தண்ணீரில் விழுகிறது. அடுத்த நொடி ஒரு சண்டை வருகிறது, ஆனால் சண்டை இசை வரவில்லை, அவளுடைய இசைதான் சண்டை முழுவதும் ஓடுகிறது. என்ன செய்திருந்தாலும் இது நடந்திருக்கும். நடுவர் இருந்திருந்தால் இதைத் தடுக்க ஒரு வழியைத் திறந்துவைத்திருப்பார், அப்போது ஆட்டம் உங்கள் திறமையைப் பற்றியதாகியிருக்கும். வழி இல்லாததால்தான் அது இழப்பாக இருக்கிறது. அவளை உயிரோடு மீட்க ரகசிய வழி இருப்பதாக வதந்திகள் பல வருடம் சுற்றியதே அந்தக் காட்சி எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதற்கு அத்தாட்சி.

1995-ல் வந்த க்ரோனோ ட்ரிகர் இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அது நடுவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, கடைசி வார்த்தையைக் கதைசொல்லிக்கே கொடுக்கிறது. ஆரம்பத்தில் ஒரு திருவிழா. அங்கே ஒரு பெண்ணோடு மோதிக் கீழே விழுகிறீர்கள், அவளுடைய பதக்கமும் விழுகிறது. முதலில் அவளிடம் பேசினீர்களா, பதக்கத்தை எடுத்தீர்களா? மேசை மேல் யாரோ ஒருவருடைய சாப்பாடு இருந்தது, அதை எடுத்துத் தின்றீர்களா? காணாமல் போன பூனையைக் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? எல்லாம் விளையாட்டுப் போக்கில் செய்தது. கொஞ்ச நேரம் கழித்து உங்கள் மேல் ஒரு வழக்கு வருகிறது. நீதிமன்றத்தில் அத்தனையும் ஒவ்வொன்றாகச் சாட்சியாக வந்து நிற்கின்றன. முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் சரி, நிரபராதி என்று வந்தாலும் சரி, நீங்கள் போவது சிறைக்குத்தான். அந்தச் சிறையிலிருந்து தப்பித்து ஓடுவதுதான் அடுத்த கதை, அது நடந்தாக வேண்டும். இந்த நீதிமன்றத்தையும் அல்டிமாவின் மூலிகைக் கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் உங்கள் நடத்தையைக் குறித்துக்கொள்கின்றன. கடையில் குறித்தது உங்கள் முடிவையே தள்ளிப்போடுகிறது. நீதிமன்றத்தில் குறித்தது உங்களை வெட்கப்படவோ பெருமைப்படவோ வைத்துவிட்டு, கதையை அதன் பாதையிலேயே விட்டுவிடுகிறது. நான் கேட்டால் இரண்டும் மேதைகளின் வேலை என்பேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கணக்கு உதைக்கும் இடங்களையும் சொல்லாவிட்டால் சரியாக இருக்காது. ஜப்பானிய ஆர்பிஜியில் நாயகன் வேறொருவன், மேற்கத்திய ஆர்பிஜியில் நாயகன் நீங்கள்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. டிராகன் குவெஸ்ட்டின் நாயகன் வாயே திறக்க மாட்டான். ஆடுகிறவரே நாயகன், அவர் வாயில் நாம் சொல்லைத் திணிக்கக் கூடாது என்பது ஹோரியின் கொள்கை. மறுபுறம் விட்சரின் கெரால்ட் முழுக்க முழுக்க எழுதிவைக்கப்பட்ட மனிதன், அவனுக்கு வயது, காதல், கோபம் எல்லாம் உங்களுக்கு முன்பே உண்டு. 1992-ல் வந்த ஷின் மெகாமி டென்செய் ஒழுங்கின் பக்கமா குழப்பத்தின் பக்கமா என்று கேட்டு, நீங்கள் போகிற பக்கத்துக்கு ஏற்ப யார் எதிரி என்பதையே மாற்றிவிடும், அது அசல் ஜப்பானிய ஆட்டம். ஆகவே யார் நாயகன் என்பதைவிட, கதை யாருக்காகக் காத்திருக்கிறது, எதற்காக வளைகிறது என்று பார்ப்பதுதான் பிசகாத அளவுகோல்.

கலாச்சார விளக்கம் ஒன்றும் அடிக்கடி வரும். ஜப்பானியர்கள் குழுவாக வாழ்பவர்கள், அமெரிக்கர்கள் தனிமனிதர்கள், அதனால்தான் இப்படி என்று. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதல் டிராகன் குவெஸ்ட்டில் நாயகன் தனியாகத்தான் போகிறான். அமெரிக்க விசார்ட்ரியில் ஆறு பேர் கொண்ட குழு. பால்டர்ஸ் கேட் தொடர் முழுக்கக் குழுதான். கீபோர்டா நான்கு பட்டனா, ஆடியது கம்ப்யூட்டர் ஆர்வலரா பள்ளிச் சிறுவனா என்பது போன்ற காரணங்களை ஆதாரத்தோடு காட்ட முடியும். தேசிய குணம் என்பதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.

எல்டன் ரிங் கேள்விக்கு வருகிறேன். விசார்ட்ரி 1985-ல் ஜப்பானியக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தபோது அதை எழுதியவர்கள் வைத்திருந்த பல கேலிகள் மொழி தாண்டவில்லை. அதில் ஒரு புகழ்பெற்ற வாளுக்கு அமெரிக்காவில் விற்கும் மிக்ஸி மாதிரியான ஒரு சமையல் கருவியின் பெயரை வேடிக்கையாக வைத்திருந்தார்கள். ஜப்பானிய ரசிகர்கள் அதை ஏதோ ஒரு மகா கொல்லர் செய்த வாள் என்று பயபக்தியோடு எடுத்துக்கொண்டார்கள். கேலி உதிர்ந்து போய், இருட்டும் மரணமும் மட்டும் மிஞ்சின. அமெரிக்காவில் அந்தத் தொடர் தேய்ந்த பிறகும் ஜப்பானில் புதிய விசார்ட்ரிகள் வந்துகொண்டே இருந்தன. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 1994-ல் வெளியிட்ட கிங்ஸ் ஃபீல்ட் இந்த இருண்ட சுரங்க வழியில் வந்தது. 2009-ல் டீமன்ஸ் சோல்ஸ், 2011-ல் டார்க் சோல்ஸ், 2022-ல் எல்டன் ரிங். இவற்றை இயக்கிய ஹிடேடகா மியாசாகி, சிறுவயதில் தனக்குப் பாதிதான் புரிந்த மேற்கத்தியக் கதைப் புத்தகங்களைப் படங்களைப் பார்த்துப் பார்த்து மீதியைத் தானே கற்பனை செய்து படித்ததாகச் சொல்லியிருக்கிறார். எல்டன் ரிங்கில் கதை ஏன் உடைந்த துண்டுகளாகப் பொருள்களின் குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது என்று இப்போது புரியும். அது ஜப்பானிய ஆட்டம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். டிராகன் குவெஸ்ட்டின் பிள்ளை இல்லை, விசார்ட்ரியின் ஜப்பானியப் பிள்ளை. அங்கே எப்போதும் இரண்டு குடும்பங்கள் இருந்திருக்கின்றன, வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது.

ஜப்பானிய ஆர்பிஜியைச் சுருக்கி ஜேஆர்பிஜி என்று சொல்கிற பெயரும் வெளியே இருந்து வந்ததுதான். ஜப்பானில் அதை வெறுமனே ஆர்பிஜி என்பார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 16-ன் தயாரிப்பாளர் நவோக்கி யோஷிடா 2023-ல் ஒரு பேட்டியில், அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது தங்களை ஒதுக்கி வைப்பது போல இருந்தது என்று வருத்தப்பட்டார். பழையது, வளராதது என்ற பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. நான் அந்தச் சொல்லை வகையைக் குறிக்க மட்டும், அதுவும் முடிந்த அளவு குறைவாகவே, பயன்படுத்துகிறேன்.

இனி உங்கள் பூனைக்கும் சீட்டாட்டத்துக்கும். பெர்சோனா 5 ஒரு பள்ளி வருடத்தின் கதை, ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. எதை விட்டுக்கொடுத்து எதைச் செய்கிறோம் என்பதே அதன் உணர்ச்சி. பூனை உங்களைத் தூங்க அனுப்பாவிட்டால் நாளுக்கு மதிப்பு இருக்காது. ஆனால் சில மாதங்களில், குறிப்பாக ஆரம்பத்தில், அது அளவுக்கு மீறி அனுப்புகிறது என்று நீங்கள் சொல்வது நியாயம்தான், எனக்கும் அங்கே பொறுமை போயிருக்கிறது. விட்சர் 3-ல் பிரச்சினை நேர் எதிர். மகளைக் காணோம் என்று கதை பதறுகிறது, உலகமோ அவசரமே இல்லாமல் விரிந்து கிடக்கிறது. நடுவரையும் கதைசொல்லியையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் தோள் இடிக்கத்தான் செய்யும். இருந்தும் அந்த ஆட்டம் செய்யும் ஒன்றை நான் மெச்சுகிறேன்: அவளோடு இருக்கும் சில சின்னத் தருணங்களில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை வைத்து அவள் முடிவு மாறுகிறது. உலகத்தில் நீங்கள் எத்தனை அரக்கனைக் கொன்றீர்கள் என்பது அங்கே கணக்கில் வராது.

நண்பருக்கு எதைக் கொடுப்பது என்றால், அவர் நாவல் படிக்கிறவரா, சதுரங்கம் ஆடுகிறவரா என்று முதலில் பாருங்கள். கதையில் கரைகிறவர் என்றால் க்ரோனோ ட்ரிகர். சுமார் 20 மணி நேரத்தில் முடிந்துவிடும், வீணாக ஒரு காட்சியும் இல்லை, அந்த நீதிமன்றத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். "இப்படிச் செய்தால் என்ன ஆகும்" என்று நோண்டுகிறவர் என்றால் பால்டர்ஸ் கேட் 3, ஆனால் அது நூறு மணி நேரத்தை விழுங்கக்கூடியது என்று எச்சரித்துவிடுங்கள். சண்டையே வேண்டாம், எழுத்துப் போதும் என்கிறவருக்கு 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியம். அதில் சண்டைக்கென்று தனித் திரையே கிடையாது, பகடையில் தோற்றால்கூட கதை நின்றுவிடாமல் வேறொரு வாசல் திறக்கும். உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். அல்டிமா 4 இப்போது சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. படம் பழையது, ஆனால் அந்த மூலிகைக் கடை அப்படியே இருக்கிறது. கூடவே வரும் கையேட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். எந்த மூலிகையை எதோடு கலந்தால் எந்த மந்திரம் என்பது அதில்தான் இருக்கிறது.